குழந்தையின் வாயைத் திறந்ததும் பல் மருத்துவர் எதைப் பார்க்கிறார்?

"பால் பல்தானே, எப்படியும் விழுந்து முளைக்கும்" என்ற பேச்சு தோட்டத்து லயத்திலும் கேட்கும், பட்டணத்து அடுக்குமாடியிலும் கேட்கும். மூன்று வயதுப் பிள்ளையின் மேல் முன்பற்கள் கறுத்துக் கரைந்து கட்டையாக நிற்கும்போதும் வீட்டில் யாரும் பெரிதாகப் பதறுவதில்லை. இரவெல்லாம் அழுது, காலையில் கன்னம் வீங்கிய பிறகுதான் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அந்தப் பிள்ளை பல் மருத்துவரைப் பார்ப்பது அன்றுதான் முதல் முறை. அதுவும் வலியோடும் ஊசியோடும்.

இது ஏதோ ஒரு சில வீட்டுக் கதை அல்ல. சுகாதார அமைச்சு 2015ஆம் ஆண்டில் பாலர் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், 5 வயதுப் பிள்ளைகளில் 71.3 விழுக்காட்டினருக்குச் சொத்தைப் பல் இருந்தது. அதற்குப் பத்தாண்டுக்கு முன்பு, 2005இல், அது 76.2 விழுக்காடு. பத்தாண்டில் இறங்கியது ஏறத்தாழ 5 புள்ளி மட்டுமே. பத்துப் பிள்ளைகளில் ஏழு பேர் முதலாம் ஆண்டு வகுப்புக்குப் போகும் முன்பே சொத்தையோடு இருக்கிறார்கள்.

முதல் பல் முளைத்த ஆறு மாதத்துக்குள், எப்படியும் முதல் பிறந்தநாளுக்குள், குழந்தையைப் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது உலகெங்கும் குழந்தைப் பல் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. இதைக் கேட்டால் பல பெற்றோருக்குச் சிரிப்பு வரும். இரண்டு பல் முளைத்த பிள்ளைக்கு மருத்துவர் எதற்கு? சொத்தையைத் தேடுவது அங்கே பாதி வேலைதான். குழந்தை வயதுக்கு ஏற்ப வளர்கிறதா, பால் பல்லுக்கு அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் பற்களுக்கு இடம் இருக்கிறதா, எந்தப் பழக்கம் இன்னும் இரண்டு ஆண்டில் சொத்தையாக மாறும் என்பதெல்லாம் அந்தச் சின்ன வாயில் தெரியும்.

முதலில் வருவது கேள்விகள்

நல்ல மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லும் முன்பு நிறையக் கேட்பார். குழந்தை எத்தனை மாதத்தில் பிறந்தது, எடை எவ்வளவு, இருதயத்தில் ஏதும் குறை உண்டா, ஆஸ்துமாவா, வலிப்பா, தினமும் மருந்து குடிக்கிறதா. இருதயக் குறை உள்ள பிள்ளைக்குச் சொத்தைப் பல்லிலிருந்து கிருமி இரத்தத்தில் கலந்தால் இருதயத்துக்கே ஆபத்தாக முடியலாம். நீண்ட நாள் கொடுக்கும் மருந்துகளில் சில சர்க்கரைப் பாகாக வருபவை. அவற்றைப் படுக்கும் முன் கொடுத்துவிட்டு அப்படியே தூங்க வைத்தால் பல் அரிக்கும்.

பிறகு சாப்பாட்டுக் கேள்விகள். இங்கேதான் பேச்சு தடுமாறும். "மிட்டாய் அதிகம் கொடுப்பதில்லை" என்று தாய் சொல்வார். அது உண்மையாகவே இருக்கும். பால் போத்தல் பற்றிக் கேட்கும்போதுதான் கதை வெளியே வரும். படுக்கும்போது ஒரு போத்தல், நடு இரவில் ஒன்று, விடியற்காலையில் ஒன்று. சில வீடுகளில் அதில் மைலோ, சில வீடுகளில் டின் பால் கலந்த தேத்தண்ணீர். இனிப்பு டின் பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். தாயும் தகப்பனும் விடியுமுன் வேலைக்குப் போய்விட்டால் பிள்ளையைப் பார்ப்பவர் பாட்டி, அல்லது பக்கத்து வீட்டு அக்காள், அல்லது பராமரிப்பு இல்லத்தில் உள்ளவர். பிள்ளை அழாமல் இருக்க அவர்கள் கையில் என்ன கொடுக்கிறார்கள் என்பது தாய்க்கே தெரியாமல் இருக்கலாம். ஆகவே பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்பவர் கூடவே வந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை குறையும்.

எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் முக்கியம். இனிப்பு வாய்க்குள் போன சில நிமிடங்களில் கிருமிகள் அதைப் புளிக்க வைத்து அமிலமாக்கும். எச்சில் அந்த அமிலத்தைக் கழுவி, பல்லிலிருந்து கரைந்த தாதுவைத் திரும்பச் சேர்க்க அரை மணி நேரம் வரை ஆகும். ஒரு துண்டு கேக்கை மேசையில் உட்கார்ந்து தின்று முடிக்கும் பிள்ளைக்கு ஒரு தடவைதான் அடி. ஒரு போத்தல் இனிப்புத் தண்ணீரைக் காலையிலிருந்து மதியம் வரை சப்பிக்கொண்டே திரியும் பிள்ளைக்கோ பல்லுக்கு ஓய்வே இல்லை. தூக்கத்தில் எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால் இரவுப் போத்தல்தான் எல்லாவற்றிலும் மோசம்.

மடியில் படுக்க வைத்து

இரண்டு, மூன்று வயதுப் பிள்ளையைப் பெரிய நாற்காலியில் தனியாகப் படுக்க வைப்பதில்லை. மருத்துவரும் தாயும் முழங்காலோடு முழங்கால் முட்ட எதிரெதிரே உட்காருவார்கள். பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்தபடி அவர் மடியில் உட்கார்ந்து, அப்படியே பின்னால் சாயும். தலை மருத்துவர் மடிக்கு வந்துவிடும். கைகளைத் தாய் பிடித்துக்கொள்வார். பிள்ளை அழலாம். அழுதால் வாய் நன்றாகத் திறக்கும் என்பதால் மருத்துவர் அதற்காகக் கவலைப்படுவதில்லை. ஒன்றிரண்டு நிமிடத்தில் பார்த்து முடித்துவிடுவார்.

கொஞ்சம் பெரிய பிள்ளைக்குக் கண்ணாடியைக் கையில் கொடுத்து, அது என்ன செய்யும் என்று சொல்லி, விரல் நகத்தில் தொட்டுக் காட்டி, பிறகுதான் வாய்க்குள் கொண்டுபோவார்கள். "சேட்டை செய்தால் டாக்டர் ஊசி போட்டுவிடுவார்" என்று வீட்டில் பயமுறுத்தி வளர்த்த பிள்ளையிடம் இந்த வேலை இரட்டிப்பாகும்.

எண்ணிக்கையும் வயதும்

பால் பற்கள் மொத்தம் 20. பெரும்பாலும் ஆறாம் மாதத்துக்குப் பிறகு கீழ் நடு முன்பற்கள் இரண்டும் முதலில் வரும். அடுத்து மேல் முன்பற்கள். இரண்டரை, மூன்று வயதுக்குள் இருபதும் வந்து சேரும். சில பிள்ளைகளுக்கு ஒரு வயது வரை ஒரு பல்கூட இருக்காது. அது குறையல்ல. ஒன்றரை வயதாகியும் எதுவும் முளைக்கவில்லை என்றால்தான் காட்டிப் பார்க்க வேண்டும்.

மேல் பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று சில வீடுகளில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். முளைக்கும் வரிசை குழந்தைக்குக் குழந்தை மாறும், மாமனுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பிறக்கும்போதே பல்லோடு பிறக்கும் குழந்தைகளும் உண்டு. அந்தப் பல் பெரும்பாலும் உண்மையான பால் பல்தான், சீக்கிரம் வந்துவிட்டது, அவ்வளவே. ஆடி விழும் நிலையில் இருந்தாலோ பால் குடிக்க முடியாமல் தடுத்தாலோ ஒழிய அதைப் பிடுங்க வேண்டியதில்லை. பிடுங்கினால் அந்த இடத்தில் வேறு பால் பல் வராது.

இன்னொரு வழக்கமும் உண்டு. பல் முளைக்கும் வயதில் வரும் எல்லாக் காய்ச்சலையும் "பல் காய்ச்சல்" என்று விட்டுவிடுவது. பல் முளைக்கும்போது ஈறு வீங்கும், எச்சில் வழியும், பிள்ளை சிணுங்கும். 38 பாகைக்கு மேல் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் காரணம் வேறு. கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும்.

மருத்துவர் எண்ணும்போது வலது, இடது இரண்டையும் ஒப்பிடுவார். ஒரு பக்கம் ஒரு பல் வந்து ஆறு மாதத்துக்கு மேலாகியும் அதன் இணை மறுபக்கம் வரவில்லை என்றால் ஏன் என்று தேடுவார். பல் இல்லாமலே இருக்கலாம், கூடுதல் பல் ஒன்று வழியை மறிக்கலாம். எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும்.

நிறம் சொல்லும் கதை

சொத்தை கறுப்பாகத் தொடங்குவதில்லை. மேல் முன்பல்லில், ஈறை ஒட்டி, சுண்ணாம்பு பூசியது போல ஒரு வெள்ளைக் கோடு தெரியும். பல்லின் தாது கரையத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே முதல் அடையாளம். பெற்றோர் அதைப் பால் படிந்த கறை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் துளை போட வேண்டாம், அடைக்க வேண்டாம். இரவுப் போத்தலை நிறுத்தி, ஃபுளோரைடு மருந்தைப் பூசி, ஒழுங்காகத் துலக்கினால் அந்த இடம் மீண்டும் கெட்டிப்படும். சில மாதம் தவறவிட்டால் வெள்ளை மஞ்சளாகி, பழுப்பாகி, குழியாகும். பால் பல்லின் மேல்பூச்சு நிலைப்பல்லின் பூச்சைவிட மெலிதானது, உள்ளே நரம்பும் கிட்டத்தில் இருக்கிறது. ஆகவே குழி விழுந்த பிறகு வலி வர அதிக நாள் பிடிக்காது.

போத்தல் சொத்தைக்கு ஒரு தனி முத்திரை உண்டு. மேல் முன்பற்கள் நான்கும் கரைந்திருக்கும், கடைவாயும் தொடங்கியிருக்கும், ஆனால் கீழ் முன்பற்கள் பளிச்சென்று இருக்கும். சப்பும்போது நாக்கு கீழ்ப்பற்களை மூடிக்கொள்கிறது, அதன் அடியில்தான் எச்சில் சுரப்பியின் வாயும் இருக்கிறது. இந்த அமைப்பைப் பார்த்தாலே, யாரும் சொல்லாமலே, இரவுப் பழக்கம் என்ன என்று மருத்துவருக்குப் புரிந்துவிடும்.

எல்லாக் கறையும் சொத்தை அல்ல. விழுந்து அடிபட்ட பல் சில வாரத்தில் சாம்பல் நிறமாகலாம். இரும்புச் சத்து மருந்து கறுப்புக் கறை தரும், அது வெளியே படிவது, சுத்தம் செய்தால் போய்விடும். புதிதாக முளைத்த நிலைப்பல்லில் வெள்ளையோ மஞ்சளோ திட்டுத் திட்டாக இருந்தால், அந்தப் பல் உருவான காலத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். ஆறு வயதில் முளைக்கும் பல்லின் தாது குழந்தை பிறக்கும் சமயத்திலேயே படியத் தொடங்கிவிடுகிறது. முதல் மூன்று ஆண்டுகளில் வந்த கடும் நோயின் தழும்பு ஆறு வயதில் வாயில் தெரியலாம். குறைமாதம், சிறு வயது நோய் எல்லாம் பற்றி மருத்துவர் தொடக்கத்தில் கேட்டது இதற்கும் சேர்த்துத்தான். அப்படிப்பட்ட பல் மென்மையாக இருக்கும், துலக்கினால் கூசும், மற்றதைவிடச் சீக்கிரம் உடையும்.

ஈறையும் பார்ப்பார். சொத்தைப் பல்லுக்கு மேலே சிறு கொப்புளம் இருந்தால் உள்ளே சீழ் கட்டி வழி தேடிக்கொண்டது என்று பொருள். வழி கிடைத்ததும் வலி நின்றுவிடும். வீட்டில் உள்ளவர்களும் "சரியாகிவிட்டது" என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். கிருமி அங்கேயேதான் இருக்கிறது. பால் பல்லின் வேருக்குக் கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லை அது கெடுக்கலாம். கன்னமோ தாடையோ வீங்கி, காய்ச்சலும் வந்து, கண் மூடிக்கொண்டாலோ விழுங்க முடியாமல் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

பிள்ளையின் எடையையும் மருத்துவர் கவனிப்பார். கடைவாய் வலிக்கிற பிள்ளை இறைச்சியையும் காய்கறியையும் மெல்லாது. கஞ்சி, பால், பிஸ்கட் என்று மென்மையானதையே கேட்கும். "எங்கள் பிள்ளை சாப்பாட்டில் வம்பு" என்று சொல்லப்படும் சில பிள்ளைகளுக்கு உண்மையில் மெல்ல முடியவில்லை. நான்கு வயதுப் பிள்ளைக்குப் பல் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. ஒரே பக்கமாக மெல்லும், இரவில் எழுந்து அழும், தட்டைத் தள்ளிவிடும்.

யாருக்கும் தெரியாமல் வரும் பல்

இதுவரை சொன்னதில் பாதியைப் பெற்றோர் தாமாகவே ஒரு நாள் கவனித்துவிடுவார்கள். பலரும் கடைசி வரை கவனிக்காமல் போவது ஒன்று உண்டு.

ஆறு வயதை ஒட்டி, எந்தப் பல்லும் விழாமலேயே, கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் புதிதாக ஒரு பெரிய பல் மேலும் கீழும், இரு பக்கமும் முளைக்கும். மொத்தம் நான்கு. முன்பல் விழுந்ததைப் பிள்ளை பள்ளி முழுவதும் காட்டித் திரியும், இந்தப் பல் வந்ததை யாரிடமும் சொல்லாது. பார்த்தாலும் அதைப் பால் பல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அதில் சொத்தை விழுந்தால் "விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். அது விழாது. விழுந்தால் வேறொன்று முளைக்காது. அறுபது, எழுபது வயது வரை சோறு மெல்ல வேண்டிய பல் அது.

அடையாளம் காண எளிய வழி, நடுவிலிருந்து எண்ணுவது. ஒவ்வொரு பக்கமும் பால் பற்கள் ஐந்து மட்டுமே. ஆறாவதாக நிற்பது பால் பல் அல்ல. அந்தப் பல்லின் மேல் ஆழமான வெடிப்புகள் இருக்கும், அவற்றில் துலக்கியின் முடிகூட நுழையாது. பல் முழுதாக மேலே வந்ததும் அந்த வெடிப்புகளை ஒரு வகைப் பசையால் மூடிவிடலாம். ஊசி வேண்டாம், துளை வேண்டாம், வலியும் இல்லை.

பால் பல்லைக் காப்பாற்ற வேண்டியதற்கும் இந்தப் பல்லே பெரிய காரணம். அதற்கு முன்னால் நிற்கும் இரண்டாம் பால் கடைவாய்ப் பல் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியது. நான்கு, ஐந்து வயதில் சொத்தையால் அதைப் பிடுங்கிவிட்டால், பின்னால் வரும் ஆறு வயதுப் பல் காலி இடத்துக்கு நகர்ந்து வந்துவிடும். பிறகு பன்னிரண்டு வயதில் முளைக்க வேண்டிய பல்லுக்கு இடம் இல்லாமல் போகும், கோணலாகவோ வரிசைக்கு வெளியிலோ வரும். "விழப்போகிற பல்லுக்கு ஏன் வெள்ளி மூடி போடுகிறார்கள்" என்று கேட்கும் பெற்றோருக்குப் பதில் இந்த இடம்தான். பிடுங்கியே ஆக வேண்டும் என்றால் இடம் அடைபடாமல் இருக்க ஒரு கம்பி வளையம் பொருத்துவது உண்டு.

இடைவெளி அழகுதான்

நான்கு, ஐந்து வயதில் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி இருந்தால் பல பெற்றோர் கவலைப்படுகிறார்கள். மருத்துவர் பார்த்தால் மகிழ்வார். அடுத்து வரும் பற்கள் பால் பற்களைவிடப் பெரியவை, அவற்றுக்கு இடம் வேண்டும். முத்துப்போல நெருக்கமாக நிற்கும் பால் பற்கள்தான் பிற்பாடு நெரிசலுக்கு அறிகுறி.

ஏழு வயதை ஒட்டி, பால் பல் விழாமலே அதன் பின்னால் கீழ் முன்பல் முளைத்து இரண்டு வரிசையாகத் தெரியலாம். பெரும்பாலும் பால் பல் தானே ஆடி விழ, புதிய பல்லை நாக்கு முன்னால் தள்ளிவிடும். பால் பல் ஆடவே இல்லை என்றால் காட்ட வேண்டும். எட்டு, ஒன்பது வயதில் மேல் முன்பற்கள் விசிறிபோல விரிந்து நடுவில் சந்து விழும். மேல் கோரைப்பற்கள் இறங்கும்போது அது பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். அதற்குள் கம்பி கட்ட ஓட வேண்டாம்.

விரல் சப்பும் பழக்கத்தை மூன்று வயது வரை பொருட்படுத்த வேண்டியதில்லை. நிலைப்பற்கள் முளைக்கும் வயதிலும் தொடர்ந்தால் மேல் பற்கள் முன்னால் தள்ளி, கடித்தாலும் முன்பற்கள் ஒன்றை ஒன்று தொடாத நிலை வரும். எப்போதும் வாயைத் திறந்தே மூச்சு விடும் பிள்ளையை, இரவில் குறட்டை விடும் பிள்ளையை, மருத்துவர் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கும் அனுப்பக்கூடும்.

வீட்டில் பார்ப்பது எப்படி

மாதம் ஒரு முறை, வெளிச்சமான இடத்தில், பிள்ளையை மடியில் சாய்த்து மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் போதும். ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு, பழுப்புப் புள்ளி, குழி, கொப்புளம் எது தெரிந்தாலும் வலி வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

முதல் பல் வந்த நாளிலிருந்தே துலக்கலாம். மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு பற்பசை, மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. பசையில் ஃபுளோரைடு பத்து லட்சத்தில் 1,000 பங்காவது இருக்க வேண்டும், டியூப்பில் அச்சிட்டிருப்பார்கள். பழச்சுவைப் பசைகள் சிலவற்றில் அது இருப்பதே இல்லை. துப்பச் சொல்லலாம், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். ஏழு, எட்டு வயது வரை பெரியவர் ஒருவர்தான் துலக்கிவிட வேண்டும். தானே சட்டைப் பொத்தான் போடத் தடுமாறும் பிள்ளை கடைவாயைச் சுத்தமாகத் துலக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

குழாய் நீரிலும் ஃபுளோரைடு சேர்க்கப்படுகிறது. மலேசியாவில் அதன் அளவு 2005 முதல் பத்து லட்சத்தில் 0.5 பங்கு. கிணற்று நீரையோ ஆற்று நீரையோ நம்பியிருக்கும் வீடுகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அங்கே பற்பசையும் கிளினிக்கில் பூசும் மருந்தும் இன்னும் முக்கியம்.

பள்ளிக்கு வரும் "பல் மிஸ்ஸி"

தமிழ்ப்பள்ளியில் படித்த பெரியவர்களுக்குப் பல் மிஸ்ஸி வந்த நாள் நினைவிருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கத் தாதியருக்குப் பயிற்சி கொடுப்பது நியூசிலாந்தில் 1921இல் தொடங்கியது. அதே முறையில் 1949இல் பினாங்கில் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. அங்கே படித்தவர்கள்தான் பிறகு நாடெங்கும் பள்ளிகளுக்குப் போனார்கள். இன்றும் நடமாடும் குழுக்கள் பள்ளிகளுக்கும் பாலர் பள்ளிகளுக்கும் வருகின்றன. அரசு கிளினிக்கில் தடுப்பூசிக்கு வரும் சிறு குழந்தையின் வாயையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

பள்ளிக்குக் குழு வரும் முன் பிள்ளையின் பையில் ஓர் அனுமதிப் பாரம் வரும். பெற்றோர் கையெழுத்து இல்லையென்றால் பல்லைப் பார்ப்பதோடு சரி, அடைக்கவோ பிடுங்கவோ மாட்டார்கள். நோய், ஒவ்வாமை, தினமும் குடிக்கும் மருந்து ஆகியவற்றைக் கேட்கும் கட்டங்களைக் காலியாக விடாமல் நிரப்ப வேண்டும். பாரம் மலாயில் இருக்கிறது, புரியவில்லை என்றால் வகுப்பாசிரியரிடம் கேட்டு எழுதிக் கொடுத்துவிடலாம்.